பல்கணியில் ஒரு தொங்கட்டான் மரம்

ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டில் ஒரு மரம் நின்றது என்றால் யாரும் நம்புவதில்லை. மூன்றாம் மாடியில், உடுப்புக் கொடிக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில் எங்கே மரம் நிற்கும் என்று கேட்கிறார்கள். நின்றது. என் கையால் ஒரு முழ உயரம்தான். அதைப் பெரிதாகவிடாமல் வைத்திருக்கத்தான் சித்தியும் நானும் ஒரு வருடம் பாடுபட்டோம். இப்போதும் பூச்செடிக் கடைகளில் அந்த இனத்து ஃபுக்சியாச் செடியைக் கண்டால் என் கால் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். எனக்குச் சித்தியின் ஈரத் தலைமயிரின் மணம் வரும்.

சித்தி அம்மாவின் தங்கை. எனக்குப் பத்து வயதான அந்த நாட்களில் அவர் என் அறையில்தான் படுத்தார். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்க்கும் இடத்தில் வேலை. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் போய்க் கலியாணம் கட்டி, ஒரு மாதம் சேர்ந்திருந்துவிட்டுத் தனியே திரும்பி வந்திருந்தார். சித்தப்பாவை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவருக்கு விசா வந்துவிடும், வந்துவிடும் என்று வீடே காத்திருந்தது. எனக்கு மட்டும் வேறு கவலை. அவர் வந்தால் சித்தி வேறு வீடு பார்த்துப் போய்விடுவார், பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று இரவில் நான் யாரைக் கேட்பது? கவலைப்படுவதில் நான் அந்த வயதிலேயே தேர்ச்சி பெற்றிருந்தேன். படிப்பில்தான் கடைசிவரை தேறவில்லை.

போன்சாய் ஆசை சித்திக்கு ஒரு தோட்டக் கடையில் வந்தது. அங்கே இருந்த குட்டி மரங்கள் எல்லாம் எங்கள் அப்பாவைவிட வயதானவை. சித்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்ததைக் கண்ட கடைக்காரப் பெண், முதன்முதலாக வளர்ப்பவர்கள் ஃபுக்சியாவில் தொடங்குவது நல்லது, அது கெதியாக வளரும், பிழை விட்டாலும் கோபிக்காது என்றார். நான் தமிழில் சொன்னேன். கோபிக்காது என்றதும் சித்தி அந்த இடத்திலேயே ஒன்றைத் தூக்கிவிட்டார். இலையுதிர் காலம், விற்று மிஞ்சிய செடி. ஒரேயொரு பூ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“காதில போடுற தொங்கட்டான் மாதிரியெல்லே கிடக்கு,” என்றார் அம்மா. அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

நூலகத்தில் போன்சாய்ப் புத்தகம் ஒன்று எடுத்தோம். நான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்த ஜெர்மன் புத்தகம் அது ஒன்றுதான். நான் வாசித்துச் சொல்ல, சித்தி உடுப்பு மடித்தபடி கேட்பார். குளிர்காலத்தில் செடியை உறைபனி படாத, குளிரான இடத்தில் வைக்கவேண்டும், இலை கொட்டினால் பயப்படக்கூடாது என்று அதில் இருந்தது. கொண்டுபோய்க் கட்டடத்துக்குக் கீழே, கெல்லரில் வைத்தோம். இலை எல்லாம் கொட்டியது. நான் முறைப்படி பயந்தேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “இந்தக் குளிருக்க ஒரு சீவனைக் கொண்டுபோய் இருட்டில விட்டிருக்கிறியளே, உங்களுக்கு நெஞ்சில ஈரமில்லையோ?” என்றார். ஒருநாள் நாங்கள் இல்லாத நேரத்தில் செடியை மேலே கொண்டுவந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றிவிட்டார். குளிரில் வந்து இறங்கிய யாரையும் எங்கள் வீட்டில் அப்படித்தான் கவனிப்பார்கள். செடி தை மாதத்திலேயே வெளிறிய நெடுநெடு தளிர்களை நீட்டியது. சித்தி அவற்றை வெட்டி, மறுபடி கெல்லருக்கு அனுப்பினார். அம்மா ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வசந்தத்தில் வேரைக் கத்தரித்தோம். சட்டிக்காக அப்பா, அம்மாவின் பேக்கிங் தட்டு ஒன்றின் அடியில் துளை போட்டார். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பிறகு தளிர் கிள்ளுவது பற்றிய பக்கத்துக்கு வந்தோம். நுனியைக் கிள்ளினால் ஒரு கிளை இரண்டாகும், மரம் அடர்த்தியாகும். ஆனால் கிள்ளியதிலிருந்து பூ வர ஆறேழு கிழமை பிந்தும்.

சித்தி மடிப்பதை நிறுத்தினார். “திரும்ப ஒருக்கா வாசி பிள்ளை.”

வாசித்தேன்.

“அப்ப எப்ப பூக்கவேணும் எண்டு நாங்களே வைச்சுக்கொள்ளலாம்,” என்றார். சித்தப்பா ஆனியில் வந்துவிடுவார் என்பது அப்போதைய பேச்சு. சித்தி எழும்பிப் போய்க் கலண்டரைப் பார்த்தார். “அவர் வாசலால வரேக்க இது பூத்து நிக்கவேணும்.”

கிள்ளுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா மாலை ஆறு மணிக்குச் சாமிப்படத்தின் முன்னால் விளக்கு வைப்பார். விளக்கு வைத்தபின் செடியில் கை வைக்கக்கூடாது, அது நித்திரை. சித்தி வேலையால் வருவதோ ஏழு மணிக்கு. கோடையில் அந்நேரம் பல்கணியில் வெயில் கொளுத்தும்.

“அக்கா, பத்து மணிக்குத்தானே இஞ்ச இருளுது.”

“அது ஜெர்மன்காரன்ர சூரியன். விளக்கு எங்கடை.”

ஆகவே கிள்ளுவதெல்லாம் ஞாயிறு காலையில்தான்.

வைகாசி முடிய மிளகாய் விதை அளவில் மொட்டுகள் வந்தன. நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். அந்தக் கிழமை சித்தப்பா கொழும்பிலிருந்து பேசினார். தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு அவருக்குக் கொடுத்திருந்த தெர்மினைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை சித்தி பல்கணியில் குந்தி இருந்து ஒவ்வொரு நுனியாகக் கிள்ளினார்.

“மொட்டெல்லே சித்தி,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும் குஞ்சு.”

புத்தகமும் அதைத்தான் சொல்லியிருந்தது. நானே வாசித்துக் காட்டியது. ஆடியில் மறுபடி மொட்டு வந்தது. தெர்மின் மறுபடி தள்ளிப் போனது. சித்தி மறுபடி கிள்ளினார். மரம் குடை விரித்தது போல ஆகிவிட்டது. நிலமட்டத்திலிருந்த கீழ் வீட்டுக் கிழவர் ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, இப்படிப் பொறுமை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். சித்தி சிரித்து, “வேற வேலையில்லை எண்டு சொல்லு,” என்றார்.

ஆவணியில், வெளிக்கிட முன்னம் தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா யாழ்ப்பாணம் போனார். அவர் போயிருக்கச் மறுபடி சண்டை தொடங்கி, கொழும்புக்குத் திரும்பும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கொழும்பிலிருந்து யாரோ ஒரு உறவினர்தான் இதைத் தொலைபேசியில் சொன்னார். சித்தி கேட்டுக்கொண்டு நின்றார். “ஓம். ஓம். சரி,” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, ஹோட்டல் உடுப்போடு பல்கணிக்குப் போனார். மூன்றாம் முறையாக மொட்டு வைத்திருந்த மரத்தின் முன்னால் குந்தினார்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். அவர் சொல்லவேண்டியதை அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று நானே நினைவூட்டினேன்.

“அம்மா, விளக்கு வைச்சாச்சு.”

“தெரியும். நீ போய்ச் சாப்பிடு,” என்றார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. ஒரு சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தானே. நான் அன்றைக்குச் சோற்றை அளைந்துகொண்டே, நித்திரையில் கிள்ளுப்பட்ட மரம் பட்டுப்போய்விடுமோ என்று கவலைப்பட்டேன்.

பட்டுப்போகவில்லை. புரட்டாதியில் இன்னும் அடர்த்தியாகி, நுனிக்கு நுனி மொட்டு வைத்தது. கொழும்பிலிருந்தும் இப்போது யாரும் எங்களுக்கு அழைப்பு எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தாலும் யாழ்ப்பாணத்துக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. சித்தி ஞாயிறிலும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒரு ஞாயிறு போனது, இன்னொரு ஞாயிறு போனது. மொட்டுகள் நீண்டு, சிவந்து, பாரத்தில் தொங்கின. கிள்ள யாரும் இல்லை. நான் இரகசியமாகச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை எல்லாம் விரிந்திருந்தன. அந்தச் சின்ன மரம் முழுக்கச் சிவப்பும் ஊதாவும். இலை தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா சவர நுரையோடு ஓடி வந்தார். அம்மா வந்தார். இரண்டு பேரும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிப்படத்துக்குப் பூத் தேடும் அம்மா ஒரு பூவில்கூடக் கை வைக்கவில்லை.

“சித்தியைக் கூப்பிடட்டே?”

“வேண்டாம். அவள் படுக்கட்டும்,” என்றார் அம்மா.

சித்தி ஏற்கனவே எழும்பி முழுகியிருந்தார். ஈரத் தலையோடு வந்து கதவருகில் நின்றார். பிறகு குனிந்து, ஒரு பூவைக் கீழிருந்து விரலால் ஏந்திப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றார்.

“நல்லகாலம் சித்தி, நீங்கள் இந்தமுறை கிள்ள மறந்திட்டியள்,” என்றேன்.

அப்பா உள்ளே போய்விட்டார். சித்தி என் தலையில் கையை வைத்தார்.

“ஓம் குஞ்சு. மறந்திட்டன்.”

நான் அதை நம்பினேன். கீழ் வீட்டுக் கிழவரைக் கூட்டிவந்து காட்டுவதற்காக, செருப்பும் போடாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினேன்.