கடல்நாய்க் குடா

என் பிறப்புச் சான்றிதழில் நான் பிறந்த ஊர் டெல்ஃப்ட் என்று இருக்கிறது. எங்கள் நெடுந்தீவுக்கு, முன்பு ஆண்ட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தங்கள் ஊரொன்றின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். அரசாங்கக் கடதாசிகளில் அது அப்படியே தங்கிவிட்டது. ஒஸ்லோவில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து, "நீங்கள் ஒல்லாந்திலையோ பிறந்தனீங்கள்?" என்று கேட்பார். முதல் சில வருடங்கள் தீவின் கதையை விளக்கமாகச் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், "இல்லை, இலங்கை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலாம் அறைக்கு வந்த மூதாட்டியின் கோப்பில் பிறந்த இடம் என் கண்ணில் பட்டதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பகல் வேலை செய்துகொண்டிருந்தேன். கோப்பில் 'யெம்மலுஃப்ட்' என்று எழுதியிருந்தது. நோர்வீஜிய மொழியில் யெம் என்றால் வீடு, லுஃப்ட் என்றால் காற்று. வீட்டுக் காற்று. இப்படியும் ஓர் ஊருக்குப் பெயர் வைப்பார்களா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. வடக்கே, ஃபின்மார்க்கில் இருக்கும் இடம் என்றார்கள்.

மூதாட்டிக்கு மறதி நோய். வந்தபோது நோர்வீஜிய மொழியில் நன்றாகவே பேசினார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இடையில் எங்களுக்கு விளங்காத ஒலிகள் வரத் தொடங்கின. 'தொடர்பற்ற பேச்சு' என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதினோம். "சாஹ்சி, சாஹ்சி" என்று ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். அதைக் கழிப்பறைக்குப் போகக் கேட்பதாக நாங்களே முடிவுகட்டி வைத்திருந்தோம். இரண்டு பேராகத் தூக்கிக் கொண்டுபோய் இருத்துவோம். அவர் என் கையைத் தட்டிவிடுவார். எட்டு அறைக்கு இரண்டு பேர். முதுகு விண்விண்ணென்று வலிக்கும். திரும்பக் கொண்டுவந்து கிடத்திவிட்டு அடுத்த அறையின் அழைப்பு மணிக்கு ஓடுவோம். அவருக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. ஏனென்று மருத்துவருக்கும் பிடிபடவில்லை.

கோடை விடுமுறையில் எங்கள் தாதிக்குப் பதிலாக ஓர் இளம்பெண் மூன்று வாரத்துக்கு வந்தாள். ஃபின்மார்க்கைச் சேர்ந்தவள். இரண்டாம் நாள், நானும் அவளும் மூதாட்டியை எழுப்பி இருத்தும்போது அவர் வழக்கம்போல் "சாஹ்சி" என்றார். அவள் கை அப்படியே நின்றது.

"அவ தண்ணி கேக்கிறா," என்றாள்.

"என்ன?"

"சாஹ்சி எண்டால் தண்ணி. அவ கதைக்கிறது சாமி மொழி."

சாமிகள் நோர்வேயின் வடக்கில் வாழும் பூர்வகுடிகள். அது எனக்கும் தெரியும். ஆனால் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. நான் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். மூதாட்டி இரண்டு கைகளாலும் குவளையைப் பிடித்து, இடையில் நிறுத்தாமல் குடித்தார். மறு குவளையும் குடித்தார். எத்தனை மாதமாகத் தண்ணீர் கேட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இடைவேளையில் நான் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, அழகான பெயர் என்றேன். அந்த இளம் தாதி இல்லையென்று தலையசைத்தாள்.

"அது வீட்டுக் காற்றும் இல்லை, ஒண்டும் இல்லை. யியெப்மாலுவொக்தா எண்டதுதான் உண்மையான பெயர். லுவொக்தா எண்டால் குடா. கடல்நாய் வாற குடா. எழுத வந்தவைக்கு விளங்கேல்லை. காதிலை விழுந்ததைத் தங்கடை சொல்லாக்கி எழுதிப்போட்டினம்."

பிறகு அவள் நாலாம் அறைக்குப் போய், மூதாட்டியின் பக்கத்தில் குனிந்து அந்தப் பெயரைச் சொன்னாள். மூதாட்டி மெல்லத் திரும்பி அவளுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரு முழு வாக்கியம் பேசினார். நான் அவரிடமிருந்து அவ்வளவு நீளமாக எதையும் கேட்டதில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"நீ ஆருடைய பிள்ளை எண்டு கேக்கிறா."

தாதி போகுமுன் வேண்டிய சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தண்ணீர், நோவு, குளிர், வீட்டுக்கு என்று ஒன்பது சொற்கள். உச்சரிப்பு பிசகாமல் இருக்க நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தாள் ஒட்டிய அன்று வீட்டில் இதைச் சொன்னபோது மகள் சோற்றைப் பிசைந்தபடி, "அம்மா, இது பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்," என்றாள். "சாமிப் பிள்ளையளை இன்டர்னாட் எண்ட விடுதிப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டு, நோர்வீஜியன் மட்டும்தான் கதைக்க விட்டவை. கனபேர் பிறகு தாங்கள் சாமி எண்டே சொல்லேல்லையாம்." பிறகு, "நீங்கள் ஏன் இதுக்கை தலையைப் போடுறீங்கள்? வேலையைச் செய்துபோட்டு வாங்கோவன்," என்றாள்.

மூதாட்டியின் மகன் பக்கத்து நகரமான திராமனில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். தாதி போய்விட்டதால், அவருடைய தாய் பேசுவது சாமி மொழி என்று சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் சுவரில் இருந்த தாளை வாசித்தார். கழுத்து சிவந்தது.

"என்ரை அம்மா நோர்வீஜியன். நாங்கள் சாமி இல்லை. இதைக் கழட்டுங்கோ."

"அவ தண்ணி கேக்கிறது எங்களுக்கு விளங்கவேணும்," என்றேன்.

"அவவுக்கு மறதி. அவ எதையும் சொல்லுவா."

தாளைத் தானே உரித்து மடித்துக்கொண்டு போனார். குடும்பத்தின் விருப்பம், நாங்கள் தலையிட முடியாது என்றார் இல்லத்தின் பொறுப்பாளர். எனக்கு வாதாடத் தெம்பில்லை. "சரி" என்றேன். ஆனால் என் சட்டைப் பையில் இருந்த துண்டை அங்கே வாசிக்கக்கூடியவர் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் அதைப் பார்த்துப் பார்த்து மூதாட்டியோடு பேசினேன். என் வாயில் அந்தச் சொற்கள் கரடுமுரடாகத்தான் வந்தன. அவர் சில சமயம் திருத்தினார், சில சமயம் சிரித்தார். தண்ணீர் கிடைத்த பிறகு தொற்று திரும்ப வரவில்லை.

இலைகள் விழும் காலத்தில் ஒருநாள் மகன் வழக்கத்துக்கு மாறாக வார நாளில் வந்தார். நான் மூதாட்டியைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டுக் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். மூதாட்டி "சாஹ்சி" என்றார். நான் நிமிர்வதற்குள் மகன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து குவளையை நிரப்பி, தாயின் உதட்டருகே பிடித்தார்.

அவருக்குத் தெரியும். முதலில் இருந்தே தெரிந்திருக்கிறது. என் கையில் விரிப்பு அப்படியே இருந்தது. கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது வருமுன்பே அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். கதிரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"பெரியம்மா வந்தால் ரண்டு பேரும் கதவைச் சாத்திப்போட்டு இப்பிடித்தான் கதைப்பினம்," என்றார். "நாங்கள் உள்ளுக்கை போனால் நிப்பாட்டிப்போடுவினம். ஒருக்கால் நான் பள்ளிக்கூடத்திலை ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டன். அண்டைக்கு அம்மா எனக்கு அடிச்சவ. வேறை ஒரு நாளும் அடிச்சதில்லை."

அதற்குப் பிறகும் அவர் சுவரில் எதையும் ஒட்டச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பனி தொடங்கி இரண்டாம் வாரத்தில் மூதாட்டி இறந்துபோனார். ஒரு காலை நேரம். நான் மூன்றாம் அறையில் இருந்தேன். அடுத்த நாள் மகன் சாமான்களை எடுக்க வந்தார். ஒரு வானொலி, இரண்டு கம்பளிச் சட்டை, சட்டமிட்ட ஒரு கல்யாணப் படம். எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டன. பையோடு வாசலில் நின்றார்.

"உங்களுக்கு எத்தினை சொல் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"எனக்கு அதைவிடக் கூடத் தெரியும்," என்றார். "ஒண்டைக்கூட அவவோடை கதைக்கேல்லை."

பிற்பகலுக்குள் புதிய ஆள் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். நான் மெத்தையின் உறையைக் கழற்றத் தொடங்கினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மற்றப் பக்கத்து மூலையை உயர்த்திப் பிடித்தார்.