வராதவளின் கை

கத்திரி அக்காவுக்கு அந்தத் தையல் ஆலையில் துணி வெட்டும் வேலை. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். கை பிசகினால் அத்தனை சட்டையும் பாழ். கணவர் போன பிறகு அந்த மேசைதான் அவர் உலகம். பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். ஆலையில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. சங்கத் தலைவருக்கு அறவே பிடிக்காது. தலைவர் வேறு யாருமல்ல, அவருடைய கொழுந்தன்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். பொத்தான் தைக்கும் பெண்ணைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டுமாம். ஆலையின் பின்கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சோதனைக்கு வந்த அதிகாரியிடம் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அதுதான் குற்றம். சங்கம் கைவிட்டால் மறுநாளே முதலாளி அவளை வெளியே அனுப்பிவிடுவார்.

யாரையும் நீக்குமுன் அவரை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று சங்கத்தில் விதி உண்டு. அந்த விதியைத் தள்ளிவைக்கவும் வழி உண்டு: எதிர்த்து எழும் ஒவ்வொரு கைக்கும் ஆதரவாக இரண்டு கை எழ வேண்டும். அவள் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் தலைவர் கூட்டத்தைக் கூட்டியிருந்தார். அவசரமாம். யாருக்கு அவசரம்?

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. எப்போதும் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள். அதனால் ஒரே மெஷினில் ஷிப்ட் மாறி உட்காரும் இருவரில் கூட்டத்துக்கு வந்தவர் இரண்டு கையையும் தூக்கலாம்; ஒன்று தனக்கு, மற்றது வராத ஜோடிக்கு. ஜோடியைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் கேட்பதில்லை.

விதியைத் தள்ளிவைக்க எதிர்ப்பு பதினாறு கை. ஆதரவைத் தலைவரே எண்ணினார். தேவை முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டு! முடிஞ்சுது."

"இருங்க தம்பி," கத்திரி அக்கா எழுந்தார்.

"அண்ணி, வீட்டுல எவ்வளவு வேணா திட்டுங்க. இங்க நான் தலைவர்."

"தலைவர்னுதான் கேக்கறேன். பொத்தான் மெஷின் அண்ணன் ரெண்டு கையும் தூக்கியிருக்காரே, அவரோட ஜோடி யாரு?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர் கைகள் மேலேயே நின்றன.

"சொல்லுங்கண்ணே. அந்த இடது கை யாருது?"

"அவளுது..."

"தன்னை வெளிய தள்ளுங்கன்னு அவளே கை தூக்கறாளா?"

"திருடன் போலீஸ்ல மாட்டின மாதிரி நிக்கறாருப்பா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பழக்கத்துல தூக்கிட்டேம்மா. எப்பவும் ரெண்டுதானே..."

"ஒரே ஒரு கை அண்ணி, விடுங்க," என்றார் தலைவர்.

"அந்த ஒரு கைதான் அவ பொழப்பு."

அந்த மனிதர் தலைவரைப் பார்த்தார். இறக்காதே என்றது தலைவரின் முறைப்பு. இன்று இறக்கினால் நாளை முதலாளி காதுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா? உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு இடது கை மெல்லக் கீழே வந்தது.

தலைவர் மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றுதான்.

"சரி. அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டே விசாரிப்போம்," என்றார் பல்லைக் கடித்தபடி.

"கூப்பிடுங்க. பின்கதவுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு அவளும் கேப்பா."

பொத்தான் மெஷின்காரரின் வலது கை அப்போதும் மேலேதான் இருந்தது. அது அவருடைய கை. அதை இறக்கச் சொல்லும் உரிமை கத்திரி அக்காவுக்கு இல்லை. அவரும் சொல்லவில்லை.