விடாதீங்க

இது நடந்தது. தேதியும் மணியும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. நானே நம்பாமல் மூன்று தடவை சரிபார்த்தேன்.

எங்கள் மாலை வகுப்பு, ஒரு பழைய காவல் நிலையத்தின் மாடியறையில் நடக்கும். அன்று பாடம், அதே நிலையத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதிய நாவல். அவருக்கும் அவருடைய மொழிபெயர்ப்பாளனுக்கும் இருந்த நட்பின் கதை. கடைசிப் பக்கத்தில் கலவரம். நண்பன் தெருவில் அடிபட்டுக் கிடக்கிறான். அவன் கற்றுக்கொடுத்த மொழியிலேயே, நகரும் வண்டியிலிருந்து, அதிகாரி தன் காவலர்களுக்குக் கட்டளையிடுகிறார். அவர்கள் அவனை நோக்கி ஓடுகிறார்கள். கதை அங்கே முடிந்துவிடும்.

நானும் ஊசியும் முன்னதாகவே வந்து அந்தக் கடைசிப் பக்கத்தை நடித்து வாசித்துப் பார்த்தோம். ஊசி என் நண்பன். பகலில் தையல் வேலை.

"நீ துரை. நான் அடிபட்டவன். படுத்துக்கிறேன், மெதுவாப் படி" என்று பெஞ்சில் சாய்ந்தான்.

"உனக்குப் படுக்க ஒரு சாக்கு."

6.52. அந்தக் கட்டளையை உரக்கப் படித்தேன்.

"அவனை விடாதீங்க!"

கீழே பூட்ஸ் சத்தம். பிறகு படியில். பிறகு அறைக்குள்...

யாரும் இல்லை.

ஊசி சிரித்தான். "டேய், கையை எடு."

நான் மூன்று அடி தள்ளி நின்றிருந்தேன். அவன் சட்டைக் கையில் ஐந்து குழிகள். விரல் விரலாக.

பெஞ்சு கவிழ்ந்தது. ஏதோ அவனைத் தரையில் இழுத்தது. தடி விழும் சத்தம். சத்... சத்... சத்... உதடு கிழிந்தது. ஒரு பல் என் காலடியில் உருண்டது.

அவன் இடக்கையைப் பற்றினேன். "விடாதேடா! என் கையை விடாதே!"

அடி இரட்டித்தது.

வலக்கை பின்னால் மடங்கியது. மளுக்.

"கத்தாதடா... நீ அதைச் சொல்லச் சொல்லத்தான்... அடிக்கிறாங்க..."

"விட்டுடுங்க," என்றேன். "அவனை விட்டுடுங்க..."

நின்றது.

6.55.

மருத்துவர், "எத்தனை பேருப்பா அடிச்சாங்க?" என்று கேட்டார். வலக்கையில் நான்கு முறிவு. அந்தக் கை இனி கத்தரிக்கோல் பிடிக்காது என்றார்.

மறுவாரம் எங்கள் வகுப்பை எடுக்கும் பேராசிரியை, ஒரு காவலர் சாகும் தறுவாயில் கொடுத்த வாக்குமூலத்தைத் தேடி எடுத்தார். 'கைவிடாதீர்கள்' என்றுதான் அதிகாரி சொல்ல நினைத்திருக்கிறார். காவலர்கள் அதைத் 'தப்ப விடாதீர்கள்' என்று எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளனை மாடியறைக்குத் தூக்கிவந்து அடித்தே கொன்றார்கள். பழியைக் கலவரக்காரர்கள்மேல் போட்டார்கள்.

அதோடு இன்னொரு தாளும் இருந்தது. அதிகாரியின் கையெழுத்தில் ஒரு பரிந்துரை. ஏழு காவலர்களுக்குப் பதக்கம்.

'என் நண்பனுக்காக நான் சொன்னதை, எழுத்துக்கு எழுத்து செய்தார்கள்.'