தனம் அக்கா கவிழ்த்து வைத்த குவளை

தனம் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, என் கைப்பேசியில் பதிந்திராத ஓர் எண்ணிலிருந்து வந்தது. நான் நம்பவில்லை. துக்கத்தில் சிலர் நம்ப மறுப்பார்களே, அப்படியல்ல. எவனோ ஏமாற்றப் பார்க்கிறான் என்று நிஜமாகவே நினைத்தேன். உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டு, "நீங்க யாரு? அக்கா என்னா காடி ஓட்டுனாங்க, சொல்லுங்க பாப்போம்" என்றேன். "ரவி பேசுறேன், அவங்க தம்பி. போன் நம்பர் மாத்திட்டேன். வெள்ளக் காடி, பின் பம்பர்ல கீறல். போதுமா?" என்றார். பிறகு, "அவ இருந்தா அவளும் இதத்தான் கேட்டிருப்பா லா" என்று சொல்லி அழத் தொடங்கினார். எதையும் இரண்டு முறை கேட்கும் இந்தப் பழக்கம் எனக்கு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அவர் குடியிருந்த பெம்பானில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மோதிய காடிகளை, அதாவது கார்களைப் பார்வையிட்டு, இன்சூரன்ஸ் கோரிக்கை உண்மையா பொய்யா என்று எழுதுவது அவர் வேலை. அதனால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரின் கோரிக்கையையும் அவர் திருப்பி அனுப்பியிருக்கலாம். கோபம் மிச்சமிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நானும் அப்படித்தான் அவரிடம் மாட்டினேன். டுரியான் துங்கால் சாலையில் மாடு குறுக்கே வந்து என் காடி சாக்கடையில் இறங்கியது. பட்டறைக்கு வந்த அக்கா, மாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மூன்று முறை, மூன்று விதமாகக் கேட்டார். பிறகு பின் இருக்கையில் கிடந்த இருபது முகப் பகடையை எடுத்துப் பார்த்தார். "இது என்னா சூதாட்டம்?" என்றார். சூதாட்டம் இல்லை, ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நடப்பார்கள், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. நான் சொன்னது உண்மையா என்று பார்க்கவே அடுத்த ஞாயிறு மதியம் பாயா ரும்புட்டில் என் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஆறு வருடம் வந்துகொண்டே இருந்தார்.

அவருடைய பாத்திரத்தின் பெயர் அலமேலு, வாள்காரி. கதையில் யாராவது டீ கொடுத்தால், அலமேலு முதலில் கொடுத்தவரைக் குடிக்கச் சொல்வாள். கதை நடத்துபவன் நான் என்பதால் கடைக்காரன், காவலன், பேய் எல்லாருக்கும் நான்தான் குரல். "இதுல நீ எப்ப நீயா பேசுறன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டு அக்காவே ஒரு விதி கொண்டுவந்தார். பகடை குலுக்கும் மங்குக் குவளையைக் கவிழ்த்து வைத்தால் கதை நின்றுவிடும். அப்போது மூர்த்தியாகிய நான் பதில் சொல்ல வேண்டும், பொய் சொல்லக்கூடாது. ஆறு வருட ஆட்டத்தில் அந்த விதியை யாரும் மீறவில்லை, ஒருமுறை தவிர.

ஆட்டத்தில் அலமேலு ஐந்தாம் படிக்கு உயரும் நேரத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. வாளோடு மேலே போனால் ஒரே வீச்சில் இருமுறை வெட்டும் திறமை வரும். இல்லாவிட்டால் இரண்டாவதாக ஒரு தொழிலை ஏற்கலாம். ஏற்றால் அந்தத் திறமை தள்ளிப் போகும், எடுத்த முடிவை மாற்றவும் முடியாது.

எங்களோடு ஆடும் சுரேஷ் ஏர்கான் பழுது பார்ப்பவர். "பூசாரி எடுங்க லா அக்கா. காயம் ஆத்த நம்மகிட்ட ஆளே இல்ல" என்றார்.

"யாரு காயத்த?"

"எல்லாரு காயத்தையும்தான்."

"போன வாரம் அடிபட்டது நீ மட்டும்தானே?"

சுரேஷின் மனைவி விமலா சிரித்துவிட்டு, மந்திரவாதி ஆகச் சொன்னார். "மந்திரவாதி ரெண்டு அடி தாங்க மாட்டான். என்னைய அனுப்பி வைக்க யாரு இவ்ளோ அவசரப்படுறா?" என்றார் அக்கா. மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தாள் போட்டு, யார் சிபாரிசு செய்தது, அவருக்கு அதில் என்ன லாபம் என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பூசாரி ஆக, பாழடைந்த கோயிலில் இருக்கும் ஒரு கிழவனிடம் அலமேலு தீட்சை வாங்க வேண்டும். அந்தக் கிழவன் எதிரியின் ஆள் என்று மூன்று மாதத்துக்கு முன்பே என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவன் வேஷம் கலையும் நாளுக்காக ஆசையோடு காத்திருந்தேன். அக்கா குவளையைக் கவிழ்த்தார்.

"மூர்த்தி, அந்தக் கெழவன நம்பலாமா?"

நான் எழுந்து எல்லாருக்கும் டீ ஊற்றினேன். "நம்பலாம்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, எழுதிக்க. பூசாரி" என்றார்.

கிழவனின் வேஷம் கலையும் ஞாயிறு வரவே இல்லை. அக்கா நோயில் படுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ரவி என்னை நிறுத்தி, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதைச் சொன்னார். "அவகிட்ட சொல்லிறாதீங்க மூர்த்தி. பயந்துருவா" என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். அக்கா தண்ணீரைக் குடித்து முடித்து, பிளாஸ்டிக் குவளையைக் கட்டில் மேசைமேல் கவிழ்த்தார்.

"எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லாப் பேசுறாங்க. ஊசி போடுற மிஸ்ஸி கூட சிரிக்கிறா. எனக்கு டவுட்டா இருக்கு. டாக்டர் என்னா சொன்னாரு?"

பக்கத்தில் இருந்த ஆரஞ்சை எடுத்து உரித்தேன். "மருந்து ஏத்துனா சரியாயிடும்னு சொன்னாராம்க்கா."

"அன்னிக்கு டீ ஊத்துன. இன்னிக்கு ஆரஞ்சு உரிக்கிற" என்றார். "கெழவன நம்பலாம்னு சொன்னியே, அதே மூஞ்சி."

எனக்கு வெட்கமாக இருந்தது. "தெரிஞ்சும் ஏன்க்கா பூசாரி எடுத்தீங்க?" என்றேன்.

"நீ சொன்னது பொய்யி. சுரேசுக்கு அடிபட்டா பாக்க ஆளில்லங்கிறது நெஜந்தானே? கெழவன நான் பாத்துக்குவேன். நீ இப்ப கேட்டதுக்குச் சொல்லு."

சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குவளையை நிமிர்த்தி வைத்து, "அப்ப வீட்டுக்குப் போலாம். ரவியக் கூப்புடு" என்றார். மறுநாளே பெம்பான் போய்விட்டார். இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் இருந்தார்.

மின்சுடலையில் எல்லாம் முடிந்த பிறகு ரவி என் அருகில் வந்து நின்றார். "நீங்க சொல்லலைன்னா அவ ஆஸ்பத்திரிலயே இருந்திருப்பா. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ?" என்றார். அதில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, அக்காவின் தலையணைக்கு அடியில் இருந்தது என்று மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். அலமேலுவின் தாள். பூசாரி என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், கோரிக்கை அறிக்கை எழுதும் அதே சின்ன எழுத்தில் அக்கா பென்சிலால் குறித்திருந்தார்: "கிழவன்: பொய். மூர்த்தி: பொய், ஆனால் பழக்கமில்லாதவன்."

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அவருக்காகக் கிழவனை நல்லவனாக மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அக்கா இருந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார். அவன் கெட்டவனாகவே இருக்கட்டும்.

போன ஞாயிறு சுரேஷும் விமலாவும் வந்தார்கள். யாரும் பகடையைத் தொடவில்லை. சுரேஷ் மெதுவாகக் குவளையை எடுத்துக் கவிழ்த்தார்.

"அக்காகிட்ட நீங்க உண்மையச் சொன்னீங்களே, அது சரியா மூர்த்தி?"

என் கை டீ ஜாடியின் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன்.

"தெரியல" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து.