அந்தியைத் திருப்பித் தந்த மஞ்சள் கிழங்கு

கூமி ஊர்ப் பக்கத்துப் பாறைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது அசெக்கென்யேவின் உலகமும் கூடவே இறங்கிவிடும். முதலில் தூரத்து மாமரம் கரையும். அப்புறம் வேலி. கடைசியில் அவளுடைய சொந்தக் கைகள். பாலில் புகை கலந்தது போல ஒரு வெளி. அதற்குள் குரல்கள் மட்டும் மிதந்து வரும். மாலைக்கண்! வயிற்றில் இரண்டாவது குழந்தை தங்கியதிலிருந்து இப்படித்தான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மா பார்வை போய்ச் செத்தவள். 'குருடி மகளையா கட்டிக்கிட்டு வந்தோம்' என்று ஒரு சொல் விழுந்துவிட்டால்? ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள பாதையைப் பாதங்களுக்குப் பழக்கி வைத்திருந்தாள். ஆனால் பாதங்களுக்கு மாமனாரைத் தெரியுமா?

அன்று அந்தியில் தண்ணீர்க் குடத்தோடு திரும்பினாள். எதிரே மாமனார் ஒஜிலோங். மருமகள் குடத்தை இறக்கி மண்டியிட்டு வணங்கியிருக்க வேண்டும். அவளோ கனவில் நடப்பவள் போல அவரைக் கடந்து போனாள்.

வாசலில் நின்ற நாத்தனார் அபோலோட் கையைத் தட்டினாள்.

"ஏன் அண்ணி, முழங்கால்ல முள்ளு குத்திடுச்சா? எங்கப்பா என்ன வேலிக்கம்பா, விலகிப் போறதுக்கு?"

"யாரு... மாமாவா?"

"யாருன்னு கேக்குறா பாரு! மகாராணி!"

இரவுக்குள் ஊர் பேசியது. கணவன் ஒகிரியா, "ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டான். அவள் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போனாள். பெரியவர்கள் கூடி முடிவு சொன்னார்கள்: கேழ்வரகு அறுவடை முடிந்து, ஊர் கூடிக் குடிக்கக் கள்பானை வைக்கும் அந்தியில் அவள் வந்து எல்லோர் முன்னிலையிலும் மாமனாரை மண்டியிட்டு வணங்க வேண்டும். இல்லையென்றால் அப்பன் வீட்டுக்குப் போகட்டும். அவளுக்குப் பரிசமாகக் கொடுத்த மாடுகள் திரும்பி வரட்டும். ஒஜிலோங் மட்டும் வாயே திறக்கவில்லை.

அந்தியில்! எந்த முகம் எவருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? தப்பான ஆள் முன்னால் மண்டியிட்டால் அத்தனையும் முடிந்தது.

வயிற்றைக் காட்டப் போன இடத்தில் நர்ஸ் அமோடிங்கிடம் மட்டும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"போன வருஷம் உனக்கு மஞ்சள் சக்கரவள்ளிக் கொடி குடுத்தேனே, என்னாச்சு?"

"நல்லாத்தான் விளைஞ்சுது அக்கா. ஆம்பளைங்க யாரும் தொடல. கிழங்குன்னா வெள்ளையா மாவு மாதிரி உதிரணுமாம். 'இந்தக் கொழகொழப்பைப் பல்லில்லாத கிழவன்தான் திம்பான்'னு மாமா சிரிச்சாரு. அப்புறம் எல்லாத்தையும் சீவி, பாறையில காயப்போட்டு, வத்தலாக்கி வச்சு நானே தின்னேன்."

"வத்தல் என்ன நிறத்துல இருந்துச்சு?"

அசெக்கென்யே யோசித்தாள். "வைக்கோல் மாதிரி."

"அடிப் பைத்தியமே! வெள்ளைக் கிழங்குக்குப் பண்றதையே இதுக்கும் பண்ணியிருக்கே. அந்த மஞ்சள்லதான்டி கண்ணுக்கான சத்து இருக்கு. வெயில் நிறத்தையும் குடிச்சிடுச்சு, சத்தையும் குடிச்சிடுச்சு. இப்ப புதுசாத் தோண்டி அவிச்சுத் தின்னு, எள்ளு விழுது தொட்டுக்கிட்டு. வத்தல் போட்டா நிழல்ல போடு."

வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் அந்தக் கொடி மறுபடி படர்ந்திருந்த மண்மேட்டைத் தோண்டினாள். ஒரு கிழங்கை உடைத்தாள். அவள் தொலைத்த அந்தி முழுவதும் அதற்குள் பத்திரமாக இருந்தது! தினமும் அவித்துத் தின்றாள். தினமும் மாலையில் மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மரம் கரையத் தாமதித்தது. இன்னொரு நாள் வேலி நின்றது. ஒரு மாலையில் மகள் அகுருட் சிரிக்க, அந்தச் சின்னப் பற்கள் இருட்டில் அரிசி மணிகளாகத் தெரிந்தன. அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள்.

கள்பானை நாள் வந்தது. கள்ளை உறிஞ்சிக் குடிக்கும் நீண்ட குழல்களைப் பானையில் விட்டு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

"பாத்து அண்ணி, பானைக்கு மண்டி போட்டுடாதே!" என்றாள் அபோலோட். சிரிப்பு எழுந்தது.

அசெக்கென்யே நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீருக்கடியில் தெரிவது போல மங்கலாக, ஆனால் ஒவ்வொரு முகமாக... அதோ! நேராக நடந்து போய் ஒஜிலோங்கின் முன்னால் மண்டியிட்டாள்.

"மாமா, மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரியல. மாலைக்கண். அந்த மஞ்சள் கிழங்கை அவிச்சுத் தின்னுதான் இப்பத் தெரியுது."

சிரிப்பு அடங்கியது. ஒகிரியா எழுந்து நின்றுவிட்டான். கிழவரின் கை தன் குழலைத் தேடியது. இடப்பக்கம் துழாவியது, காற்றைப் பிடித்தது, மறுபடி துழாவியது. அந்தத் துழாவலை அவளுக்குத் தெரியாதா என்ன? அந்திதோறும் துழாவிய அவளுடைய கையேதான் அது! யாரும் கவனிக்கும் முன் குழலை மெல்லச் சாய்த்து அவர் விரல்களில் படவைத்தாள்.

கிழவர் குனிந்தார். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"அன்னிக்கு நானும் உன்னைப் பாக்கல தாயி. அபோலோட் சொல்லித்தான் தெரியும். வெளிய சொல்ல வெக்கமாயிருந்துச்சு."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினார்.

"என் மருமக எங்கயும் போகமாட்டா. நாளைக்கு எனக்குச் சமைக்கணும் அவ."

"என்ன சமைக்கட்டும் மாமா?"

"அந்தப் பல்லில்லாத கிழவன் திங்கிறது மிச்சம் இருக்கா?" என்றார் ஒஜிலோங். "அதையே அவி."