போட்டோ பொன்னி

போன வாரம் வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தவர் ஜோசியர். மற்ற எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தவர் — போட்டோகிராபர்!

சும்மா சொல்லவில்லை. மாப்பிள்ளை எந்தப் பக்கமாகக் காரிலிருந்து இறங்க வேண்டும், பெண் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து கொலுசைத் தடவிப் பார்க்க வேண்டும், பெண்ணின் அப்பா எந்த இடத்தில் கண்கலங்க வேண்டும்... எல்லாம் நிமிஷக் கணக்காக வாட்ஸப்பில் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்திக்கு மட்டும் நேரம் போடவில்லை. சமையல்காரர் சண்டைக்கு வந்த பிறகுதான் சேர்த்தார்கள்.

பெண் கயல்விழி என் சிநேகிதி புஷ்பத்தின் மகள். நானும் புஷ்பமும் எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். அதற்கப்புறம் நான் படிக்கப் போனேன், அவள் நடவுக்குப் போனாள். அவள் புருஷன் ராஜேந்திரன் குவைத்தில் லாரி ஓட்டினார். பண்ணை வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்குக் குடிபோனபோது, ரோட்டோர வயல் ஒன்றைப் புஷ்பத்தின் பேரில் வாங்கினார். அவள் கூலிக்கு நடவு நட்ட அதே வயல்தான். மகள் இன்ஜினியராகி இப்போது நெதர்லாந்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை பேராவூரணிப் பையன், அவனுக்கும் அங்கேயேதான் வேலை.

கல்யாணம் தையில் என்று ஆவணியிலேயே முடிவாகிவிட்டது. கயல் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம வயல்ல போட்டோ ஷூட் வைக்கணும்ப்பா. ஆனா பச்சைப்பசேல்னு இருக்கணும். காஞ்சு போயிருந்தா வேணாம்."

தையில் பச்சைப்பசேலா? டெல்டா வாசகர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சம்பா பழுத்து, மெஷின் இறங்கி, அறுவடை முடிந்து, வயலெல்லாம் வெறும் அடித்தாளாக நிற்கிற மாதம் அது. ஆனால் மகள் கேட்டுவிட்டாளே! மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அந்த வயலில் சம்பாவே போடவில்லை. சும்மா போட்டு வைத்திருந்து, கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நாற்று விட்டு, மார்கழியில் நட்டார். மழையைப் பார்த்து நடுவார்கள், ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்து நடுவார்கள். கேமராவைப் பார்த்து நட்டவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"என்னண்ணே, ஊரே அறுக்கப் போவுது, நீங்க இப்பதான் நடுறீங்க?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டிருக்கிறார்.

"இது சாப்பாட்டு நெல்லு இல்லப்பா. போட்டோ நெல்லு!"

அவ்வளவுதான். ஊரில் அந்தப் பயிருக்கு 'போட்டோ பொன்னி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தை பிறந்தது. அக்கம்பக்கம் அறுவடை முடிந்து ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தாள், நடுவில் ஒரே ஒரு பச்சை! ஊரிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் யாரோ வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி, அத்தனையும் அங்கேதான் வந்தன. ராஜேந்திரன் கையில் குச்சியோடு வரப்பிலேயே குடியிருந்தார். பாதிப் பத்திரிகைகளை அங்கே நின்றபடியே ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

சரி, பயிர் பிழைத்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது.

போட்டோகிராபரின் டயம்டேபிளில் புஷ்பத்துக்கும் ஓர் இடம் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், ரிசப்ஷனுக்கு முன்னால், மாலை வெயில் மஞ்சளாக விழுகிற நேரம். புஷ்பம் பழைய நூல் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, மேலே புருஷனின் கிழிந்த முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று, இதற்காகவே நடாமல் விட்டிருந்த ஒரு மூலைச் சேற்றில் குனிந்து நடவு நட வேண்டும். பின்னணியில் கயலின் குரல் வரும்: 'என் அம்மா இந்தச் சேற்றில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தாள்...'

"ரொம்ப நேச்சுரலா இருக்கும்மா" என்றான் அந்தப் போட்டோகிராபர் தம்பி.

"எனக்கு இப்ப நேச்சுரலா வர்றது மூட்டுவலிதான் தம்பி" என்றாள் புஷ்பம்.

எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடிபட்டது, ஏனென்றால் அவள் எடுத்து வைத்திருந்த புடவையை என்னிடம் காட்டியிருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் அசல் பட்டு, கை அகலத்துக்கு ஜரிகை. அவளுக்கு இதுவரை சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுத்தது ஒன்றே ஒன்று, அதிலும் கண்ணை மூடிவிட்டாள். பேரன் பேத்தி பார்க்கப்போகிற ஆல்பத்தில் தான் எப்படி நிற்கப்போகிறோம் என்பதுதான் அவள் கவலை. பட்டிலா, கிழிந்த சட்டையிலா?

முதல் நாள் சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மேக்கப்போடு வயலுக்குப் போய்விட்டார்கள். ட்ரோன் பறக்கிறது. ராஜேந்திரன் ஆடு விரட்டுகிறார். புஷ்பத்தைக் காணோம்.

தேடிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஏசி சில்லென்று ஓடுகிறது. மேடையில், மணமக்களுக்காகப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில், கத்தரிப்பூ பட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் புஷ்பம்! மேக்கப் பெண் சும்மாதான் இருந்தாளாம், அவளைப் பிடித்து முகத்துக்கு ஏதோ பூசிக்கொண்டிருக்கிறாள். எதிரே உள்ளூர் ஸ்டுடியோக்காரர், மேடை லைட் சரியாக விழுகிறதா என்று டெஸ்ட் பண்ணுகிறேன் பேர்வழி என்று இவளைக் கிளிக் கிளிக் என்று எடுத்துத் தள்ளுகிறார்.

"ஏ, ஜரிகை தெரியுதான்னு பாரு" என்றாள் என்னிடம்.

அவள் போன் அடித்தது; எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். கயல்.

"சித்தி, அம்மா எங்க? லைட் போவுது!"

"பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டோம்டா, வந்துக்கிட்டே இருக்கோம்" என்றேன். புஷ்பம் கண்ணைச் சிமிட்டினாள். கால் மணி கழித்து மறுபடியும் போன். "ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம்டா." அந்த வழியில் ரயில்வே கேட்டே கிடையாது. ஐந்து வருஷமாக ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பிள்ளைக்கு அது நினைவில்லை!

சூரியன் மறைந்தது. ஷாட் போயிற்று.

கயல் புயலாக வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. மேடைக்கு முன்னால் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? அந்த வயல நெனச்சா உனக்குப் பெருமையா இல்லையா? நீ பட்ட கஷ்டத்த நாலு பேருக்குக் காட்டணும்னுதானே இவ்வளவும் பண்றேன்?"

புஷ்பம் எழுந்திருக்கவில்லை. சாவகாசமாகத்தான் சொன்னாள்.

"பெருமை இல்லாமயா வாங்கினோம்? நான் அங்க கூலிக்கு நட்டப்ப மேஸ்திரி வரப்புல நிப்பாரு. நிமிந்தா திட்டு விழும். அத நான் காட்டணுமா? இப்ப அது என் பேர்ல இருக்கு கயலு. சொந்தக்காரி எதுக்குடி குனிஞ்சு நிக்கணும்?"

கயல் மேடையேறி, அம்மாவின் மடியில் மேக்கப்போடு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஏய், பட்டுல பவுடர் ஒட்டுது" என்று புஷ்பம்தான் கத்தினாள். ஸ்டுடியோக்காரர் அதையும் லைட் டெஸ்ட்டில் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஊரை விட்டுத் தூரப் போனவர்களுக்குச் சேறு அழகாகத் தெரிகிறது. அதிலேயே நின்றவர்களுக்கு வெல்வெட் நாற்காலியும் ஏசியும் வேண்டியிருக்கிறது. இதில் யார் சரி என்று பட்டிமன்றம் நடத்த நான் தயாரில்லை. ஆனால் யாருடைய போட்டோவோ, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டயம்டேபிள் போடலாம் இல்லையா?

மறுநாள் தாலி ஏறியது. அட்சதை இன்னும் தலையில் இருக்கும்போதே கயல் அறிவித்தாள்: "சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் வயலுக்குப் போறோம்."

போட்டோகிராபர் அலறினான். "உச்சி வெயில் சிஸ்டர்! முகத்துல நிழல் விழும். எங்க ஷெட்யூல்லயே இது இல்ல!"

யார் கேட்டார்கள்? மண்டபத்துச் சிம்மாசனத்தை நாலு பேர் டாட்டா ஏஸில் ஏற்றினார்கள். வரப்பு பத்தாது என்று களத்துமேட்டில், பச்சைப் பயிர் பின்னால் தெரிகிற மாதிரி இறக்கிப் போட்டார்கள். புஷ்பம் அதே கத்தரிப்பூ பட்டோடு உட்கார்ந்தாள். கால் மேல் கால் போடச் சொன்னது நான்தான்.

அந்தத் தம்பி இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். எங்கே நின்றாலும் நிழல். கடைசியில் ஷூவைக் கழற்றினான், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினான், வயலில் இறங்கினான். சேற்றில் ஒரு கால், கேமராவில் ஒரு கண். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று நன்றாகக் குனிந்தான்.

மேலேயிருந்து சொந்தக்காரியின் குரல் வந்தது:

"தம்பி, பாத்து... பயிர மிதிச்சிறாத!"