டாரல் அனுப்பிய கோப்பு

அமெரிக்காவின் டுலூத் நகரில் வீட்டிலிருந்தபடியே எங்கள் கம்பைலரைப் பல வருடங்களாகப் பராமரித்தவள் மார்லிஸ் ஹௌகன். எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் அந்த மென்பொருளில் யார் குறை சொன்னாலும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறும்.

எங்கள் அரட்டைக் குழுவில் இருந்த டாரல் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளன் ஒரு நிரல் கோப்பை அனுப்பினான். அதைக் கம்பைல் செய்தால் கம்பைலர் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுகிறது, அந்த வழியாகக் கணினியையே கைப்பற்றிவிடலாம் என்றான்.

காணொளிக் கூட்டத்தில் மார்லிஸ் சீறினாள். "கண்டவன் குடுத்த கோப்பை எவன் கம்பைல் பண்ணுவான்? உனக்கு வேற வேலை இல்லையா?"

"யார் கோப்பு குடுத்தாலும் கம்பைல் பண்ணித் தர்றதுக்குன்னே வெப்சைட் நடத்தறாங்க," என்றான் டாரல். "தைரியம் இருந்தா நீங்களே ஓட்டிப் பாருங்க."

"ஓட்டறேன். கம்பைலர் பாதியில நின்னுபோகும், அவ்வளவுதான்."

எல்லோரும் பார்க்க ஓட்டினாள். அவளுடைய திரையில் இருந்த ஏரிப் படம் மறைந்து, டாரலின் இளிக்கும் முகம் வந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் கூட்டத்தை விட்டுப் போனாள்.

மறுநாளே ஓட்டையை அடைத்தாள். திருத்தக் குறிப்பில் கண்டுபிடித்தவன் என்று டாரலின் பெயரையும் போட்டாள். பிறகு அவனை எங்கள் குழுவிலிருந்து நீக்கினாள்.

"இது நியாயமில்ல, மார்லிஸ்," என்றேன்.

"பேர் போட்டிருக்கேன்ல? அவன்கூடப் பேசவும் செய்யணுமா?"